கடலோர வீட்டில் பெருங்காற்று: திருகோணமலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

உப்புவெளி, சல்லி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடு ஒன்றை எடுத்திருக்கிறீர்கள். அல்லது நகரத்துக்குள்ளேயே உட்துறைமுகக் கரையில், அல்லது கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில். இடமாற்றம் கிடைத்து வந்த ஆசிரியராக இருக்கலாம், வெளிநாட்டில் இருந்து திரும்பியவராக இருக்கலாம். இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில்தான் வீடு பார்க்கிறார்கள். அப்போது கீழைக்கரைக் கடல் அலையடங்கிக் கிடக்கும். ஒக்டோபர் கடைசியில் அதே கடல் முற்றத்து மதிலுக்கு வந்து நிற்கும்போது யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது? எந்த யன்னலை அடைப்பது, எந்த அறையில் படுப்பது, எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவது, எப்போது ஆபத்து உண்மையாகவே கடந்தது என்று எல்லாமே அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. வேகத்தை வானொலி சொல்லும். உங்கள் வீட்டுக்கு அந்தத் திசை என்ன செய்யும் என்பதை நீங்கள்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வீட்டின் திசையைப் படியுங்கள்

தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வீட்டு வாசலில் நில்லுங்கள். வடக்கு எந்த மூலை, கிழக்கு எந்தச் சுவர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நம் கடற்றொழிலாளர்கள் நாள் முழுக்கப் பேசும் நான்கு காற்றையும் அந்தச் சுவர்களோடு பொருத்துங்கள். வடக்கில் இருந்து வருவது வாடை, கிழக்கில் இருந்து கொண்டல், தெற்கில் இருந்து சோளகம், மேற்கில் இருந்து கச்சான்.

உப்புவெளி, நிலாவெளிக் கரையில் கடல் கிழக்கே இருக்கிறது. வாடையும் கொண்டலும் முகத்தில் அறையும், கச்சான் முதுகில் அடிக்கும். உட்துறைமுகத்தில் நகரப் பக்கக் கரை மேற்கையும் தென்மேற்கையும் பார்க்கிறது. அங்கே கச்சான்தான் தண்ணீர்மேல் ஓடி வந்து நேரே மோதும். மூதூர்க் கரை வடக்கைப் பார்ப்பதால் வாடைக்கு எந்த மறைப்பும் இல்லை. ஒரே மாவட்டம், ஒரே புயல் என்றாலும் மூன்று வீட்டுக்கும் மூன்று விதமான ஆயத்தம் வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்காக ஐரோப்பியர் அடிபட்டதே இந்தக் காற்றினால்தான். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்க நல்ல இடம் இல்லை, இங்கே இருந்தது. ஆனால் உள்ளே நங்கூரமிட்ட கப்பலுக்குக் கிடைத்த பாதுகாப்பு கரைமேட்டில் நிற்கும் வீட்டுக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

எந்த மாதத்தில் எந்தக் காற்று

மே தொடங்கி ஓகஸ்ட் வரை கச்சான். நாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து, சூடேறி இங்கே வரும். இது வீட்டைப் பிய்க்காது, ஆனால் நாளும் ஆட்டி ஆட்டி ஆணியைத் தளர்த்தும்.

ஏப்ரலிலும் செப்டெம்பர், ஒக்டோபரிலும் பின்னேர இடிமழை. உள்நாட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும், சட்டென்று குளிர்ந்த காற்று ஒன்று வீசும், அடுத்த நிமிடமே கதவெல்லாம் படபடக்கும். அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். புதியவர்கள் கடலையே பார்த்துக்கொண்டிருக்க, இந்தக் காற்று பெரும்பாலும் வீட்டின் பின்பக்கம், குசினிப் பக்கம் இருந்து வரும். அந்தக் குளிர்காற்று உடம்பில் பட்டதுமே உள்ளே போய் மேற்குப் பக்க யன்னல்களைக் கொண்டி போட்டுவிடுங்கள்.

பெரியவை வருவது நவம்பரிலும் டிசம்பரிலும். 1964 டிசம்பரில் திருகோணமலைக் கரையைத் தாக்கிய சூறாவளிதான் நாட்டைக் குறுக்கே கடந்து போய்த் தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு. 2000 டிசம்பர் 26 அன்று திருகோணமலைக்கு அருகே ஒன்று கரையேறியது. 2020 டிசம்பர் 2 இரவு புரவிச் சூறாவளி, மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர் வேகத்தில், திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையைக் கடந்தது. நவம்பர் பிறக்கும்முன் வீட்டு வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதற்கு இந்த மாதங்களே போதும்.

கூரை: கூடுதல் நேரத்தை இங்கே செலவழியுங்கள்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரிலும் கூரையிலும் போடும் அழுத்தம் நான்கு மடங்காகும். 40 கிலோமீற்றர் காற்றுக்குத் தாங்கிய கூரை 80இற்கும் ஓரளவு தாங்கும் என்று கணக்குப் போடாதீர்கள். கூரையைக் காற்று கீழ்நோக்கி அமுக்கும் என்று நினைப்பதும் தவறு. கூரைக்கு மேலால் வேகமாக ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். அந்த இழுவை ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும்தான் மிக அதிகம். ஆகவே நடுக்கூரை நன்றாக இருக்கிறது என்று திருப்திப்படாமல் விளிம்புகளைப் பாருங்கள்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜூன், ஜூலையில் கச்சான் பலமாக அடிக்கும் ஒரு பின்னேரம், மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அறை அறையாகக் கூரைக்குக் கீழே நின்று காது கொடுங்கள். எங்கே “டக் டக்” என்று தட்டுகிறதோ அங்கே ஒரு சீற் கொக்கியை விட்டுக் கிளம்பிவிட்டது. எங்கே சீழ்க்கை மாதிரிச் சத்தம் வருகிறதோ அங்கே ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் வாய் திறந்திருக்கிறது. சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள், பழுது பார்க்க வருகிறவருக்கு இடத்தைக் காட்ட உதவும். கச்சான் மேற்குப் பாதியைத்தான் காட்டிக்கொடுக்கும். கிழக்குப் பாதிக்கு வாடை தொடங்கும் முதல் வாரத்தில் இதையே செய்யுங்கள்.

சீற் கூரை என்றால் ஜே கொக்கிகளைப் பாருங்கள். கடலோரத்தில் உப்புக் காற்று இரும்பை விரைவாகத் தின்னும். வெளியே நட்டும் வாஷரும் நன்றாகத் தெரியும், ஆனால் சீற்றுக்குள் போகும் கழுத்துப் பகுதி கறள் பிடித்து நூலாகியிருக்கும். உள்ளே இருந்து கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். பொடிப்பொடியாகக் கறள் உதிர்ந்தால் மாற்ற வேண்டியதுதான். நாகமுலாம் பூசிய தடித்த கொக்கியாகக் கேட்டு வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றில் நீங்களே ஏறாதீர்கள், காலோடு உடைந்து விழும். துளையிட வேண்டியிருந்தால் நனைத்துவிட்டுத்தான் வேலை செய்யச் சொல்ல வேண்டும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகக்கூடாது.

ஓட்டு வீட்டில் முகட்டு ஓடு சாந்தில் இறுகியிருக்கிறதா, தாழ்வாரத்தின் கடைசி வரிசைகள் கம்பியால் சலாகையோடு கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கூரையைச் சுவரோடு பிடித்திருப்பது எது என்றும் கேளுங்கள். பல வீடுகளில் வளை சுவரின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு இரும்புப் பட்டியால் வளையைச் சுவருக்குள் இறக்கிக் கட்டுவது ஒரு மேசனுக்கு அரை நாள் வேலை.

கடல் பக்கத்து விறாந்தை தனிப் பிரச்சினை. மூன்று பக்கமும் திறந்திருப்பதால் கீழே இருந்து காற்று தூக்கும், மேலே இருந்து இழுக்கும். விறாந்தைக் கூரை வீட்டுக் கூரையின் தொடர்ச்சியாக இருந்தால், அது போகும்போது வீட்டுக் கூரையையும் இழுத்துக்கொண்டு போகும். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு என் ஆலோசனை: விறாந்தைக்குக் கூரையைத் தனியாக, ஒரு படி தாழ்த்திப் போடுங்கள். பார்வைக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கதவு, யன்னல்

கண்ணாடியில் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டுவதால் பயன் இல்லை. பறந்து வரும் ஓட்டுத் துண்டை டேப் நிறுத்தாது. மரப் பலகையோ தடித்த பிளைவூட்டோ யன்னல் அளவுக்கு வெட்டி, எந்த யன்னலுக்கு எது என்று பின்பக்கம் எழுதி, போல்ட் துளைகளும் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிடுங்கள். காற்று தொடங்கிய பிறகு ஒரு பலகையை வெளியே கொண்டுபோய்ப் பிடிக்க இரண்டு பேராலும் முடியாது.

இரட்டைக் கதவு நடுவில்தான் பிளக்கும். மேல், கீழ்த் தாழ்ப்பாளோடு ஒரு குறுக்குத் தடியும் போட இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி அடித்து வையுங்கள்.

“காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகட்டும்” என்று யன்னலைத் திறந்துவிடச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். காற்று வரும் பக்கத்தில் ஒரு வாய் திறந்தால் வீட்டுக்குள் அழுத்தம் ஏறும், ஏற்கெனவே மேல்நோக்கி உறிஞ்சப்பட்டுக்கொண்டிருக்கும் கூரைக்கு அது கீழே இருந்து உதைகொடுக்கும். அப்படித்தான் முழுக்கூரையும் ஒன்றாகக் கழன்று போகிறது. எல்லாப் பக்கமும் அடைத்தே இருக்கட்டும்.

முற்றமும் கரையும்

பிளாஸ்ரிக் கதிரை, பூச்சட்டி, தகரத் துண்டு, கொடிக்கயிற்றுக் கம்பு எல்லாம் உள்ளே. தண்ணீர்த் தாங்கியை நிரப்பிவிடுங்கள். ஆயிரம் லீற்றர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன், வெறுமையாக இருந்தால் பறக்கும். கரண்ட் போனபின் குடிக்கவும் கழுவவும் அந்தத் தண்ணீர்தான். தென்னையில் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் ஒக்டோபரிலேயே இறக்குங்கள். முருங்கை லேசாக முறியும், அது யன்னலுக்கு அருகில் இருந்தால் வெட்டிவிடுவதே நல்லது.

கரையில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியையும் தாழம்பற்றையையும் மட்டும் தொடாதீர்கள். கடல் தெரிய வேண்டும் என்று அதைத் துப்புரவாக்கிவிடுகிற விடுதிக்காரர்களைப் பார்க்க மனம் பதறுகிறது. மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அதுதான், அந்த மேடுதான் உங்கள் வீட்டுக்கும் அலைக்கும் இடையில் நிற்கிறது. இல்லாத இடத்தில் நட்டு வளர்த்தெடுங்கள், உட்பக்கக் கரையாக இருந்தால் கண்டல் மரங்களைக் காப்பாற்றுங்கள்.

எச்சரிக்கையைக் கேட்பது

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் வரும் சொற்களுக்கு அளவு இருக்கிறது. வங்காள விரிகுடாவில் பயன்படும் கணக்குப்படி, காற்று மணிக்கு 50 கிலோமீற்றரை எட்டினால் ஆழ்ந்த தாழமுக்கம், 62 என்றால் சூறாவளி, 89 என்றால் கடும் சூறாவளி. ஆழ்ந்த தாழமுக்கம் என்ற சொல் வந்ததும் பலகைகளை வெளியே எடுத்துவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கிராம உத்தியோகத்தரின் இலக்கத்தைக் குடிவந்த வாரத்திலேயே வாங்கி வையுங்கள். எந்தப் பாடசாலை, எந்த மண்டபம் தங்குமிடமாகத் திறக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

பல தொலைபேசிகளில் காற்றழுத்தமானி இருக்கிறது. நம் பகுதியில் அழுத்தம் சாதாரண நாளிலேயே காலை பத்து மணியளவில் ஏறி, பின்னேரம் நாலு மணியளவில் சில மில்லிபார் இறங்கும். அது வழக்கம். இரவு பத்து மணிக்குத் திரும்ப ஏற வேண்டியது ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் ஏதோ நெருங்குகிறது.

அப்புறம், கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். வள்ளங்களை வழக்கமான இடத்துக்கும் மேலே, தென்னை வரிசை வரை இழுத்துப் போட்டிருப்பார்கள். எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோவார், பின்னால் ஒரு பையன் எண்ணெய்த் தாங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் தன் வாடியில், அதாவது கரைக் குடிலில் இருந்து வலையை வெளியேற்றிக்கொண்டிருப்பார். அவரிடம் போய், “ஐயா, எந்தப் பக்கம் திரும்பும்?” என்று கேளுங்கள். “வாடை நிக்குது தம்பி, கொண்டலுக்கு மாறினா இருக்காதீங்க, போயிடுங்க” என்று அவர் சொன்னால் அதில் ஒரு முழுக் கணக்கு இருக்கிறது.

கொண்டலா, கச்சானா: எப்போது கிளம்புவது

அந்தக் கணக்கு இதுதான். நம் பக்கத்துப் புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். காற்று வரும் திசையைப் பார்த்து நின்றால் புயலின் நடு ஏறக்குறைய உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். புயல் கிழக்கே கடலில் இருக்கும்போது வாடை அடிக்கும். அது மேற்கே நகர்ந்து உங்களுக்குத் தெற்கால் கடந்தால் காற்று வாடையில் இருந்து கொண்டலுக்கு மாறி, பிறகு சோளகமாக முடியும். வடக்கால் கடந்தால் வாடையில் இருந்து கச்சானுக்கு மாறி, அதே சோளகத்தில் முடியும்.

கிழக்கைப் பார்த்த கரைக்கு ஆபத்தானது முதலாவது. கொண்டல் கடலைத் தள்ளிக்கொண்டு வந்து கரையில் குவிக்கும். அலையோடு நீர்மட்டமே உயரும், ஆழம் குறைந்த கரையில் இன்னும் அதிகம். புரவி குச்சவெளிப் பக்கம் கடந்தபோது நகரம் அதற்குத் தெற்கே இருந்தது. அதுவே மூதூருக்குத் தெற்கால் போயிருந்தால் உப்புவெளிக் கரைக்கு வேறு கதை. உட்துறைமுகத்தில் மேற்கைப் பார்த்த வீட்டுக்காரருக்கு இது தலைகீழ், அவர் பயப்பட வேண்டியது கச்சானுக்கு மாறும்போது.

மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கம் இருப்பவர்கள் ஆற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வாச் சூறாவளி வந்தபோது நாடு முழுக்க உயிர்களைக் கொண்டுபோனது வெள்ளமும் மண்சரிவும்தான். கடல் உயர்ந்து நிற்கும்போது ஆற்று நீர் வெளியேற வழியில்லை.

ஆகவே முடிவை இப்படி எடுங்கள். மணலில் இருந்து ஆள் உயரத்துக்குள் இருக்கும் வீடு, சீற்றுக் கூரை, அல்லது கைக்குழந்தையும் நடக்க முடியாத முதியவரும் இருக்கும் வீடு என்றால் சூறாவளி எச்சரிக்கை வந்த அன்றே, பகல் வெளிச்சத்தில் கிளம்புங்கள். பாலையூற்று, கன்னியா என்று உள்ளே தெரிந்தவர் வீடு இருந்தால் போதும். மேட்டில் உள்ள கொங்கிறீற் தட்டு வீடு என்றால் தங்கலாம், ஆனால் காற்று கடல் பக்கத்துக்கு மாறும் முன்னர் இன்னொரு தடவை யோசியுங்கள். மாறிய பிறகு வீதியில் இறங்குவது தங்குவதைவிடக் கேடு: நிலாவெளி வீதியில் மரம் விழும், கிண்ணியாப் பாலத்தில் மோட்டார் சைக்கிளையும் ஓட்டோவையும் காற்று பக்கவாட்டில் தள்ளும்.

காற்று அடிக்கும்போது

தங்கினால் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், சின்னதாக, யன்னல் குறைவாக உள்ள அறையில் எல்லோரும் ஒன்றாக இருங்கள். சாமியறை, களஞ்சிய அறை, கொங்கிறீற் தட்டுப் போட்ட குளியலறை நல்லவை. மெயின் சுவிட்சை நீங்களே இறக்கிவிடுங்கள், காஸ் சிலிண்டரைப் பூட்டுங்கள். ரோச் லைட், மருந்து, அடையாள அட்டை, காணி உறுதி ஒரு பொலித்தீன் பையில் கையோடு இருக்கட்டும். செருப்பைக் கழற்றாதீர்கள், இருட்டில் கண்ணாடித் துண்டு தெரியாது. ஒரு சீற் போய்விட்டாலும் தறப்பாளோடு கூரையில் ஏற வேண்டாம்.

நடுவில் காற்று சட்டென நின்றுவிடலாம். வானம்கூட வெளிக்கும். புயலின் கண் உங்களுக்கு மேலே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையில் இருந்து அதே வேகத்தில் அடிக்கும், அதுவரை பாதுகாப்பாக இருந்த அறை இப்போது முன்பக்கமாகிவிடும். அந்த இடைவெளியில் மறுபக்க அறைக்கு மாறுங்கள். கடலைப் பார்க்கவோ வள்ளத்தைப் பார்க்கவோ யாரையும் வெளியே விடாதீர்கள். எப்போது முடிந்தது என்று தெரிய வேண்டுமா? காற்று சோளகத்துக்கு மாறி, படிப்படியாகத் தணிந்து, அழுத்தமும் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் சரி.

விடிந்த பிறகு

கீழே கிடக்கும் எந்த வயரையும் மிதிக்காதீர்கள், மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். அம்புலன்ஸ் வேண்டுமென்றால் 1990. வெளிச்சுவரில் உள்ள பிளக், மோட்டார், இன்வேர்ட்டர் எல்லாவற்றிலும் உப்புப் படிந்திருக்கும். நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மின்வேலை தெரிந்தவர் பார்த்தபின்தான் சுவிட்சைப் போட வேண்டும். உடைந்த அஸ்பெஸ்ரஸ் துண்டுகளைக் கூட்டாமல் நனைத்து உரப்பையில் கட்டுங்கள்.

கிணற்றுக்குள் கடல்நீர் போயிருந்தால் மோட்டாரைப் போட்டு இறைத்துத் தள்ளத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் அப்படி இறைத்துச் சில கிணறுகள் இடிந்தன, சிலவற்றில் உப்பு கூடியது. மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது, வேகமாக இறைத்தால் கீழே உள்ளது மேலே ஏறும். குப்பையை அள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மழை உப்பைக் கழுவ விடுங்கள். குளோரின் போடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், அதுவரை பவுசர் தண்ணீரைக் குடியுங்கள்.

துப்புரவாக்கும் முன்பே எல்லாச் சேதத்தையும் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் பதிந்துவிடுங்கள், நட்டஈட்டுக்கு அது வேண்டும். எந்தச் சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியது, முதல் சீற் எந்த மூலையில் கிளம்பியது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். நிரந்தரத் திருத்தத்துக்குக் கூரை வேலைக்காரரை அடுத்த ஜூலைக்கே பேசி, முற்பணமும் கொடுத்துவிடுங்கள். ஒக்டோபரில் இந்தக் கரை முழுக்க அவரைத் தேடிக்கொண்டிருக்கும்.